பாம்பன் கூண்டு முறைப்படி கைபேசி பிரவுசரின் குறைகளுக்கு எண்ணிடுதல்: ஒரு முன்னோடி ஆய்வு

செல்போன் வாங்கினால் பல கம்பெனிகளின் பெட்டியில் இப்போது சார்ஜர் இருப்பதில்லை. இயர்போன் அதற்கு முன்பே நின்றுபோனது. கேட்காமலே கூட வருவது பிரவுசர் ஒன்றுதான். திரையின் அடிவரிசையில் முதல் நாளே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். அதை நாம் தேர்ந்தெடுத்ததில்லை. பெரும்பாலான மாடல்களில் நீக்கவும் வழியில்லை. முனைவர் பட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. பட்டம் வேண்டியவர்கள் வேறு தலைப்புகளுக்குப் போய்விட்டதால் இந்தப் பொறுப்பு இவ்வாய்வாளர் தலையில் விழுந்தது.

ஆய்வின் எல்லை: மேற்கே ராமநாதபுரம், கிழக்கே அரிச்சல்முனை, வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். நில அளவைக்காரர்கள் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று எழுதிக்கொள்ளட்டும். இந்தப் பரப்பைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். கடலுக்குப் போகிறவர், தீர்த்தமாட வருகிறவர், லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர் என எல்லா வகைப் பயனாளர்களும் ஒரே தீவில் ஒரே டவரை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பது முதல் காரணம். ஆபத்துக்கு எண் கொடுக்கும் முறை இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருப்பது இரண்டாவது காரணம். அதுவே முக்கியமானது.

கருதுகோள் இது: பிரவுசர் படுத்துக்கொள்வது குற்றமல்ல. எதனால் படுத்தது என்று சொல்லாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் குற்றம்.

‘பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தியை ஐப்பசி, கார்த்திகையில் படிக்காத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பலரும் ‘எண் கூடினால் புயல் பெரிது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். முறை அதைவிட நுட்பமானது. மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தொல்லை தூரக்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையே நெருங்குகிறது. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். இந்த இரண்டு மூன்றுகளிலும் முதல் எண் புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கரையேறும் என்று சொல்லும். அடுத்தது வலப்பக்கம் என்று சொல்லும். மூன்றாவது துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ என்று சொல்லும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இங்கிருக்கும் அதிகாரி நிலைமை மோசம் என்று கருதுகிறார் என்று பொருள். படிப்பறிவு இல்லாத ஒருவர் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தாலே ஆபத்து எந்தத் திசை, எவ்வளவு, சொல்பவருக்கு விவரம் தெரியுமா தெரியாதா என்பது வரை விளங்கிவிடும். பிரவுசர் செய்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எட்டவில்லை.

முன்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் உருண்டை உலகப்படம் போட்ட ஒரு பிரவுசர் இருந்தது. அதில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிவரியாகக் கட்டங்கள் தெரியும். கட்டம் தெரியாத போனில் எழுத்து தெரியும், ஆனால் கொம்பு இடம் மாறியிருக்கும். யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலையை அது செய்யாததால் ‘சேதுபதி’யின் இரட்டைக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அனாதையாக நின்றது. இதற்குத் தமிழர்கள் கண்ட மருந்து ஓபரா மினி. 2006 ஜனவரியில் உலகம் முழுவதும் வெளியான அந்த பிரவுசரில் ‘கான்ஃபிக்’ பக்கத்தைத் திறந்து, பிட்மேப் எழுத்துரு என்ற ஒரு வரிக்கு ‘யெஸ்’ கொடுத்தால் போதும். ஓபராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்துத் தமிழ் வலைப்பதிவுகள் பலவற்றின் ஓரத்தில் இந்தச் செய்முறை நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். போனில் தமிழ் படித்தவர்களில் ஒரு தலைமுறை எழுத்தைப் படிக்கவில்லை, எழுத்தின் புகைப்படத்தைத்தான் படித்தது.

அந்த உலகப்பட பிரவுசரின் இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. ஒரு தளம், பக்கத்தில் திறந்திருக்கும் வேறொரு தளத்தின் தகவலை எட்டிப் படிக்க இடம் கொடுக்கும் ஓட்டை அதில் இருப்பதைப் பாகிஸ்தானைச் சேர்ந்த ரஃபாய் பலோச் 2014-ல் வெளியிட்டார். அடைப்பதென்றால் போனின் ஆண்ட்ராய்டையே புதுப்பிக்க வேண்டும். மலிவு போன்களுக்கு அந்தப் புதுப்பிப்பு வருவது அரிது. 2015 ஜனவரியில், 4.3 மற்றும் அதற்கு முந்தைய பதிப்புகளில் வலைப்பக்கத்தைக் காட்டும் பாகமான வெப்வியூவுக்கு இனி ஒட்டுப்போடப் போவதில்லை என்ற கூகுளின் நிலைப்பாடு வெளியே வந்தது. அப்போது பெருவாரியான போன்கள் அந்த வயதுக்காரர்கள்தான்.

இனி வகைப்பாடு.

1, 2-ம் எண்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலக்கோடு முக்கால் தூரம் ஓடி நின்றுவிடும். தொல்லை எங்கோ தூரத்து சர்வரில் இருக்கிறது. ஒரு டீ குடிக்கலாம். 3, 4-ம் எண்கள் உள்ளூர்த் தொல்லைகள்: ‘நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?’, ‘இருப்பிடம் அறியலாமா?’, ‘எங்கள் ஆப்பில் படிக்கலாமே?’ ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் லாட்ஜ் புரோக்கர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஒரு கட்டத்திலாவது விடுவார்கள். இவை விடுவதில்லை.

5, 6-ம் எண்களுக்கு ஆய்வுக்களத்தில் அருமையான சான்று கிடைத்தது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய கடற்பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்து அறிவிக்கிறது. எந்தக் கரையிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை டிகிரி, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று அடுக்கிய அறிவிப்பு அது. இத்தனை கட்டம் கொண்ட எந்த அட்டவணையையும் ஆறு அங்குலத் திரையில் திறந்து பாருங்கள். எழுத்து தெரியப் பெரிதாக்கினால் பாதி அட்டவணை வெளியே போய்விடும். விரலால் தள்ளினால் மறுபாதி போய்விடும். இங்கே விசைப்படகு போவது வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்; டோக்கன் வாங்கிக் கிளம்புகிற அவசரத்தில் கரையில் நடந்த உரையாடல் அப்படியே பதிவாகிறது.

“எத்தனை பாகம்னு போட்டிருக்கு, மாப்ள?”

“மீட்டர்ல போட்டிருக்குண்ணே. ஆழம் தெரியுது. எந்த ஊருக்குன்னுதான் தெரியல.”

“பாம்பனுக்கா, மண்டபத்துக்கான்னு பாருடா.”

“அது அந்தப் பக்கம் போயிருச்சுண்ணே. அதை இழுத்தா ஆழம் போயிரும்.”

பக்கம் திரையை இடப்பக்கம் விட்டுப் போனால் 5, வலப்பக்கம் விட்டுப் போனால் 6. துறைமுக விதி பிசகாமல் பொருந்துவது இந்த வகைப்பாட்டின் உறுதிக்குச் சான்று. ‘டெஸ்க்டாப் சைட்’ என்றொரு பரிகாரம் பட்டியலில் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட்டால் அட்டவணை முழுதும் வரும், கண்தான் வராது.

7-ம் எண், அதாவது நேரே தலைமேல் இறங்குவது, ஓடிபி. ராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்றின் வரவேற்பு மேசை. மறுநாள் ஊர் திரும்ப டிக்கெட் போட முயலும் குடும்பத் தலைவர். பயணிகள் ஐவரின் பெயர், வயது, ஆணா பெண்ணா எல்லாம் நிரப்பி, கேப்ச்சாவில் அது பூஜ்யமா ஆங்கில எழுத்தா என்று மனைவியோடு விவாதித்து, பணம் கட்டும் இடம் வரை வந்துவிட்டார். ஓடிபி வந்தது. மெசேஜைத் திறந்து ஆறு எண்களையும் பார்த்துவிட்டு பிரவுசருக்குத் திரும்பினார். பக்கம் முதலிலிருந்து லோடானது. ஐவரும் மறைந்தார்கள்.

“தம்பி, மறுபடி மொதல்ல இருந்து கேக்குதே.”

மேனேஜர் தலை நிமிரவே இல்லை. “மெசேஜைத் திறக்கக் கூடாதுங்கய்யா. மேல இருந்து எட்டிப் பாக்கும்ல, அப்பவே படிச்சு மனசுல வெச்சுக்கணும்.”

காரணம் எளிது. நினைவகம் குறைந்த போனில் நாம் வேறு ஆப்புக்குப் போன கணமே, பின்னால் நிற்கும் பக்கத்தைக் கொன்று இடத்தைக் காலி செய்கிறது ஆண்ட்ராய்டு. திரும்பி வந்தால் பக்கம் முகவரியிலிருந்து புதிதாகப் பிறக்கிறது. முற்பிறவியில் நிரப்பியது எதுவும் அதற்கு நினைவில்லை. பாவம் போக்கிக்கொள்ள 22 தீர்த்தங்களில் நனைந்து வந்தவருக்கு அன்றிரவே இப்படி நேர்வது பற்றி ஆகமங்கள் என்ன சொல்கின்றன என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

8 முதல் 10 வரை பேரபாயம். இங்கே சிரிப்புக்கு இடமில்லை. சிறிய திரையில் முகவரிப் பட்டை குறுகலானது. நீண்ட முகவரியில் ஒரு துண்டுதான் தெரியும். பக்கத்தை மேலே தள்ளினால் அதுவும் ஒளிந்துகொள்ளும். கோயில் ஊர்களில் அறை, பூஜை, வண்டி முன்பதிவு என்று போலித் தளம் போடுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். கேதார்நாத், சோம்நாத் யாத்ரீகர்களைக் குறிவைக்கும் இத்தகைய மோசடிகள் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. காசிக்குப் போகிறவர் ராமேஸ்வரத்துக்கும் வருவார். மோசடிக்காரருக்கும் அந்த மரபு தெரியும். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. எந்த பிரவுசரும் அதைத் திரையில் காட்டுவதில்லை.

11-ம் எண்ணை நேரில் காண அரிச்சல்முனைக்குப் போக வேண்டும். 1964 டிசம்பர் புயல் தின்ற தனுஷ்கோடிக்கு அப்பால், முனை வரைக்கும் 2017-லிருந்து தார்ச்சாலை இருக்கிறது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நம் டவர் தேய்ந்ததும் போன் கடல் தாண்டிக் கையை நீட்டி இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வரும். பாஸ்போர்ட் எடுக்காதவர்களின் முகத்தில் அப்போது தெரியும் பெருமிதம் தனி ஆய்வுக்குரியது. கடிகாரம் மட்டும் குழம்பாது. 2006 ஏப்ரலில் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. பிரவுசர்தான் நின்றுபோகும். ரோமிங் அணைந்திருந்தால் டேட்டா இல்லை. டேட்டா இல்லையென்றால் டைனோசர்.

குரோமில் 2014 முதல் குடியிருக்கும் அந்த டைனோசரைத் தொட்டால் ஓடும். குறுக்கே வரும் கள்ளிச்செடிகளைத் தாண்டிக் குதிக்கும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பதிப்பில் அது சீமைக்கருவேலத்தைத் தாண்ட வேண்டும் என்பது ஆய்வாளரின் துணைப் பரிந்துரை. தாண்டி முடிக்க முடியாது என்பதால் விளையாட்டு சுவைபடும். ஆனால் ஒப்பீட்டில் டைனோசர் தோற்கிறது. பாம்பனில் 11-ம் எண் ஏறினால் ‘மேலிடத்தோடு தொடர்பில்லை, ஆனாலும் என் பார்வையில் ஆபத்து’ என்று ஓர் அதிகாரி தன் பொறுப்பில் சொல்கிறார். நம் டவர் போய்விட்டதா, அயல்நாட்டு டவரில் நிற்கிறோமா, ரீசார்ஜ் தீர்ந்ததா, ஏரோபிளேன் மோடை நாமே அழுத்திவிட்டோமா என்பதெல்லாம் போனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ‘இணைய இணைப்பு இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விளையாடக் கூப்பிடுகிறது.

‘வேறு பிரவுசர் போட்டுக்கொள்வதுதானே?’ என்பார் மறுதரப்பார். போட்டார்கள். இந்தியாவில் கோடிக்கணக்கானோர் வைத்திருந்த யூசி பிரவுசரை 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 ஆப்களில் ஒன்றாக அரசு தடை செய்தது. ஐபோன்காரர் எந்தப் பெயரில் பிரவுசர் இறக்கினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். 2024 மார்ச்சில் ஐரோப்பியச் சட்டத்துக்காக அங்கே கதவைத் திறந்தார்கள். ஆண்ட்ராய்டில் தன் ஆப்களை முன்கூட்டியே திணிப்பது உள்ளிட்டவற்றுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடிவரிசையில் பிரவுசர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே போன் தயாரிப்பாளர்களுக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: வட்டம் சுற்றுவதை நிறுத்திவிட்டு, திரையின் மூலையில் 1 முதல் 11 வரை ஓர் எண்ணைப் போடுங்கள். பொருளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்குக் கூண்டு பழக்கம். அது நடக்கும்வரை வாசகர்கள் செய்ய வேண்டியது: ஓடிபியை மேலிருந்து இறங்கும்போதே படித்துவிடுங்கள். அறை பதிவு செய்யும் முன் முகவரிப் பட்டையைத் தொட்டு முழு முகவரியையும் பாருங்கள். அரிச்சல்முனைக்குக் கிளம்புமுன் ரோமிங்கை அணைத்துவிட்டு, ரிட்டன் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.