அலசல் சார்

நுனியை உடைத்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்காதவர்களைப் பார்த்திருப்பீர்கள். அலசல் சார் அந்த வம்சம். அவர் உடைத்துப் பார்ப்பது வாடகை சர்வர்களின் நுனியை. எந்த அடுக்குமாடியிலும் இப்படி ஒருவர் உண்டு. “ஒரு வெப்சைட் போடணும்” என்று லிஃப்ட்டில் முணுமுணுத்தால் போதும், இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் நம் கூடவே வந்துவிடுவார்.

என் மச்சான் இட்லிப்பொடி விற்கிறான். ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஒரு சின்ன விபிஎஸ் வேண்டும் என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு சாரிடம் போனது ஆடி மாதம்.

“விபிஎஸ்னா என்ன தெரியுமா தம்பி? ஒண்டுக்குடித்தனம்! ஒரே பெரிய கம்ப்யூட்டர். அதுல தடுப்பு வச்சு ஆளுக்கொரு போர்ஷன். தனிப் பூட்டு, தனிச் சாவி. ஆனா மோட்டார் ஒண்ணுதான். பக்கத்துப் போர்ஷன்காரன் குழாயைத் திறந்து விட்டா உன் குழாயில காத்துதான் வரும்.”

அந்தத் திருட்டைக் கண்டுபிடிக்கவும் வழி வைத்திருந்தார். லினக்ஸில் ‘டாப்’ என்று தட்டினால் ‘எஸ்டி’ என்று ஒரு எண் வருமாம். நம் பங்கு சிபியு நேரத்தில் எவ்வளவு அடுத்த போர்ஷனுக்குப் போனது என்பதை அது காட்டும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்ல வீட்டுக்காரர். எந்நேரமும் 10, 15 என்று நின்றால், பத்துப் பேருக்கான தண்ணீரை முப்பது பேருக்கு வாடகை பேசியிருக்கிறார் என்று பொருள். சார் இந்த எண்ணை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பார்ப்பார். அவருடைய சர்க்கரை அளவை மாதம் ஒருமுறைதான்.

அடுத்தது சதவீதம். “99.9 சதவீதம் ஓடும்னு விளம்பரம் போட்டிருக்காங்க சார்” என்று மச்சான் சந்தோஷமாகச் சொன்னான். சார் சிரித்தார்.

“வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஆயிரத்துல ஒரு பங்கு போனா எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கலாம்னு அர்த்தம். 99.99னா ஐம்பத்து மூணு நிமிஷம்கூட இல்லை. அந்த எட்டே முக்கால் மணி நேரம் தீபாவளிக்கு முதல் நாள் வந்தா? நஷ்ட ஈடு கேட்டா, படுத்த நேரத்துக்கு வாடகையில கழிச்சுப்பாங்க. அதுல ஒரு காபி குடிக்க முடியாது. உன் பொடி போனது போனதுதான்.”

வாடிக்கையாளர் சேவையைச் சோதிக்க ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு புகார் எழுதுவார். புகார் ஒன்றும் இருக்காது. பதில் எத்தனை நிமிடத்தில் வருகிறது, எழுதியது மனிதனா இயந்திரமா என்று பார்க்கத்தான். வீட்டம்மா கண் விழித்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறுவார். “ஒண்ணும் ஆகலை, அதான் கேட்டுட்டிருக்கேன்” என்பார் சார்.

விலையையும் விடமாட்டார். “முதல் வருஷ விலை நிச்சயதார்த்தத்துல பேசினது. புதுப்பிக்கிற விலைதான் தலைதீபாவளி. அதைக் கேட்டுட்டு அப்புறம் தாம்பூலம் மாத்து.”

தனுஷ்கோடிப் புயலைப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2021 மார்ச் 10, நள்ளிரவு கழிந்த நேரம். பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் தீப்பிடித்து முழுதாக எரிந்துபோனது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு அசலும் நகலும் சேர்ந்தே போயின. “சாவியும் டூப்ளிகேட் சாவியும் ஒரே வளையத்துல மாட்டின கதை” என்று முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

ஐப்பசி வந்தது. சாரின் லேப்டாப்பில் 43 நிறுவனங்கள், 26 கட்டங்கள் கொண்ட அட்டவணை வளர்ந்திருந்தது; முடிவு மட்டும் வளரவில்லை. மச்சான் பொறுத்துப் பார்த்தான். ஒரு நாள் மதியம் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்டான். மெஷின் மும்பையிலா, அமெரிக்காவிலா? மாதாமாதம் பணம் கட்டி, பிடிக்காவிட்டால் போகலாமா? என் நகலை நானே என் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தது. பணம் கட்டினான். ஞாயிறுதோறும் நகல் எடுத்து, பென் டிரைவில் போட்டு, கடையின் அஞ்சறைப்பெட்டியில் வைத்தான்.

சாருக்கு வருத்தம். “எஸ்டி பார்த்தியா?” என்றார். “பார்த்தேன் சார், பூஜ்யம்தான்” என்றான். வருத்தம் கூடியது.

கார்த்திகையில் சாரின் லேப்டாப் கண்ணை மூடியது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார் ரிப்பேர் கடைக்காரர். 43 நிறுவனங்களும் ஒரே இரவில் சாம்பல். நகல்? சார் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்தார்.

“ஐப்பசியில எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினீங்களே சார், பத்திரமா இருக்கு” என்று மச்சான் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தான். கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் கிடந்தது பென் டிரைவ். சார் வாங்கி முகர்ந்து பார்த்தார். பெருங்காயம். மச்சானின் கம்ப்யூட்டரில் சொருகி, கடைசிக் கட்டம்வரை சரிபார்த்தார். பிறகு 44ஆவது வரிசையைச் சேர்த்து, ‘அஞ்சறைப்பெட்டி’ என்று தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா எடுப்பியா தம்பி?”