ரெஃப்ரெஷ் வைத்தியம்

நம் ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற யாரை வேண்டுமானாலும் கவனித்துப் பாருங்கள். ஆன் செய்வார். திரை வரும். வந்ததும் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ‘ரெஃப்ரெஷ்’ கொடுப்பார். ஒரு தடவையோடு நிறுத்த மாட்டார், ஐந்தாறு தடவை. ஐகான்கள் எல்லாம் கண்ணைச் சிமிட்டும். “ம்” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் வேலையைத் தொடங்குவார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் தெரியாது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்த காலத்தில், ஆறு மாத டிப்ளமோ படித்தவர்கள் வழியாகக் குருபரம்பரையாக வந்த வித்தை என்பது என் ஊகம்.

அந்த ரெஃப்ரெஷ் செய்வது ஒன்றே ஒன்றுதான். டெஸ்க்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்து, மறுபடி வரைகிறது. ரேமில் ஒரு துளி இடம்கூட காலியாவதில்லை. வேகம் துளியும் ஏறுவதில்லை. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற பிராணிக்கு இன்னொரு வேலை கொடுத்ததுதான் மிச்சம். இதை என் மச்சினனிடம் ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். “இருக்கலாம் மாமா. ஆனா நீங்க சொல்றது தியரி” என்று சொல்லிவிட்டு எஃப்5 பட்டனை நாலு தட்டு தட்டினான்.

மச்சினன்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் குடும்ப டாக்டர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். வந்தால் கை கால் கழுவுவதற்கு முன் கீபோர்டைத் தொடுவான். விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வருமே, அதில் ‘டெம்ப்’ என்று ஒருமுறை, பெர்சன்ட் குறிகளுக்கு நடுவே ‘டெம்ப்’ என்று இன்னொருமுறை, கடைசியாக ‘பிரீஃபெட்ச்’. மூன்று ஃபோல்டர், மூன்று அழிப்பு. சந்தியாவந்தனத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

இதில் முதல் இரண்டும் நியாயமானவை. புரோகிராம்கள் சாப்பிட்டுவிட்டு எடுக்காமல் விட்ட எச்சில் இலைகள் அவை; எடுத்தால் டிஸ்கில் இடம் கிடைக்கும். சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டு நிற்கிற வீடுகளில் அதுவே பெரிய உபகாரம். மூன்றாவதுதான் வம்பு. எந்தப் புரோகிராம் திறக்கும்போது எந்தெந்த ஃபைல் வேண்டியிருக்கும் என்று விண்டோஸ் தானாகக் குறித்துவைத்துக்கொள்கிற இடம் பிரீஃபெட்ச். அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டும் என்பதற்காக எழுதிய அந்தக் குறிப்பை, சீக்கிரம் திறக்கட்டும் என்று சொல்லியே இவன் அழித்துவிட்டுப் போகிறான். அது மறுபடி ஆதியிலிருந்து எழுத ஆரம்பிக்கும். எழுதி முடித்து ஒரு நிதானத்துக்கு வரும்போது அடுத்த பண்டிகை வந்துவிடும்.

வைத்தியம் பார்ப்பதற்கு முன் நாடி பிடிக்க வேண்டாமா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாகப் பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். கம்ப்யூட்டர் முழிக்கிற நேரத்தில் எந்தப் பத்தி நூறை ஒட்டி நிற்கிறதோ, நோய் அங்கேதான். இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. மூன்று எண்களில் எது பெரியது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் டிஸ்க் 100. காலையில் ஆன் செய்தால், காபி ஆறி, பேப்பர் படித்து, குளித்துவிட்டு வந்தாலும் 100. அந்த நேரத்தில் கேபினெட்டில் காது வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ‘கர்க், கர்க்’ என்று சத்தம் வரும். பழைய ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிற சத்தம் அது. உள்ளே வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. லேப்டாப் என்றால் பெரும்பாலும் 5,400. தட்டுக்கு மேலே ஒரு குட்டிக் கை முன்னும் பின்னும் ஓடி, வேண்டிய தகவல் சுற்றிக்கொண்டு தன் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கிறது. ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி செகண்டுக்குச் சற்று மேல். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் எழுந்திருக்கும்போது டிஸ்கின் மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிற ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை ஓடி, நின்று, காத்திருந்து... நம் காபி ஆறியதன் பூர்வோத்தரம் இதுதான்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுகிற எஸ்.எஸ்.டி.யில் தட்டும் கிடையாது, கையும் கிடையாது. எந்த மூலையில் இருந்தாலும் மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் தகவல் வந்து நிற்கும். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்வேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், அந்தச் செலவு இதுவாக இருக்கட்டும். பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதற்கு ‘க்ளோன்’ எடுத்துக்கொள்ளலாம். பழையதைக் கழற்றி எறிய வேண்டாம், கல்யாண வீடியோக்களை வைக்க ஆகும். விலையை இங்கே எழுத மாட்டேன். இது அச்சாவதற்குள் மாறிவிடும். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலு விலை சொல்வார்கள், நாலும் ‘லாஸ்ட் ரேட்’தான். ஒன்று கவனம்: எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கத்தில் அதற்கு டீஃப்ராக் ஓட்டாதீர்கள். ஓடுகிற கையே இல்லாத இடத்தில் ஃபைல்களை அடுக்கிவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, தேய்மானம்தான் மிச்சம். அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

மெமரி பத்தி 90-ஐத் தாண்டுகிற வீடுகளும் உண்டு. அங்கே பெரும்பாலும் பிரவுசரில் டேப் திறப்பவர் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் மனைவி. புடவை பார்த்த டேப், அந்தப் புடவைக்கு பிளவுஸ் பார்த்த டேப், நடுவில் வத்தக்குழம்பு, மகனுடைய பள்ளிக்கூட டேப் என்று மேலே உள்ள பட்டை ஊசி முனையளவு கோடுகளாகச் சுருங்கிக் கிடக்கும். “மூடிடட்டுமா?” என்றால், “என்னங்க, அதெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கேன்ங்க” என்பாள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருப்பது குடும்பத் தலைவிகளுக்குச் சாத்தியம், 4 ஜிபி ரேமுக்குச் சாத்தியமில்லை. இடம் போதாமல் அது பாதியை டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் எடுத்து வரும். பிரவுசர் செட்டிங்கில் தேடினால் ‘மெமரி சேவர்’ அல்லது ‘ஸ்லீப்பிங் டேப்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கும். பார்க்காத டேப்களைத் தூங்கவைக்கும். அதைப் போட்டுவிட்டேன். இல்லறம் சுமுகமாக நடக்கிறது. ரேம் கூட்டுவதாக இருந்தால் கடைக்குப் போகும்முன் பழைய ரேமில் ஒட்டியிருக்கிற லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. அமுக்கி உட்காரவைக்கிற தமிழர் மரபு இங்கே செல்லாது.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்று ஒரு பக்கம். ஆன் செய்தவுடன் அழையாமலே வந்து உட்காருகிறவர்களின் பட்டியல். எங்களுடையதில் மகனின் கேம், கொரோனா காலத்து மீட்டிங் புரோகிராம், பாட்டுக் கேட்கிற ஒன்று, எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்ட பிரின்டருக்கு இன்னமும் அப்டேட் தேடிக்கொண்டிருந்த விசுவாசி ஒன்று. வலது கிளிக், ‘டிசேபிள்’. இதனால் புரோகிராம் அழிந்துவிடாது. கூப்பிட்டால் மட்டும் வரும். ஆன்டிவைரஸ், கீபோர்ட், டச்பேட் சம்பந்தப்பட்டவற்றில் கை வைக்காதீர்கள்.

இனி என் மாமனார். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் முறைப்படி செய்பவர். இரவு செய்தி முடிந்ததும் கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, திரை அணைந்ததைப் பார்த்து, சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் படுப்பார். “மாப்ளே, மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்” என்பார். ஒருநாள் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறந்து, சிபியு படத்துக்குக் கீழே ‘அப் டைம்’ என்று இருப்பதைக் காட்டினேன். கடைசியாக முழுசாக எழுந்து எவ்வளவு நாள், மணி, நிமிடம் ஆகிறது என்று ஓடுகிற கணக்கு அது. பல வாரங்களைக் காட்டியது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருடைய நாணயத்தையே சந்தேகித்த மாதிரி முகம் ஆகிவிட்டது.

அவர் மேல் குற்றமில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்தவை மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்கரு அப்படியே டிஸ்கில் படம்பிடித்து வைக்கப்பட்டு, காலையில் அதே நிலையில் திரும்ப ஏற்றப்படும். ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதுதான் கதை. சீக்கிரம் எழுந்திருப்பதற்கான நல்ல யுக்திதான், ஆனால் நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் முழுசாக இறங்கி முழுசாக எழும். பிரின்டர் பேசவில்லை, வைஃபை கிடைக்கவில்லை, சவுண்ட் வரவில்லை என்கிற புகார்களில் பாதி ரீஸ்டார்ட்டில் போய்விடும். மாமனார் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியலுக்குப் போகும்போது ரீஸ்டார்ட் போட்டுவிட்டுப் போகிறார். ஷட்டவுனையும் விடவில்லை.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். சிபியு அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாமோ கேபினெட்டை மேசைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் வைத்து, மேலே துண்டு போர்த்தி, ஆயுத பூஜைக்குக் காற்றுத் துளைகள் மேலேயே சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கிறோம். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள், பொட்டைப் பக்கவாட்டில் வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூடியைக் கழற்றி, ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். ஊதும்போது உள்ளே இருக்கிற ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கரப்பான் பூச்சி குடும்பத்தோடு வெளியேறினால் பயப்பட வேண்டாம். அவர்கள் உங்களுக்கு முந்தியே குடியேறியவர்கள்.

எதிர்வீட்டு சாருடைய கம்ப்யூட்டர் ஒருநாள் பல வருஷம் பின்னால் போய்விட்டது. தேதி பழசு, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. ஒரு சர்வீஸ் கடையில் மதர்போர்டே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் மதர்போர்டில் ஒட்டியிருக்கிற சிஆர்2032 என்கிற நாணய அளவு பேட்டரி தீர்ந்திருந்தது. எலெக்ட்ரிக் கடையில் கேட்டாலே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், பிரவுசர் கதவைச் சாத்திவிடும், அவ்வளவுதான் விஷயம்.

‘உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் பிழைகள்’ என்று மிரட்டுகிற வேகமூட்டிகளையும் ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களையும் இறக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. திரையின் ஓரத்தில் வைரஸ் என்று கத்துகிற பெட்டி, முக்கால்வாசி நேரம் நீங்கள் எங்கோ ‘அலவ்’ அழுத்தியதால் ஒரு வெப்சைட் அனுப்புகிற விளம்பரம். பிரவுசர் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் அதன் பெயரை நீக்கினால் வாயை மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் கம்ப்யூட்டர் முழித்தால் தப்பு உங்களுடையது அல்ல. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே ஒரு கட்டுரையில் அலுத்துக்கொண்டார்: இயந்திரம் வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டே போகிறது என்று. அப்போது விண்டோஸ் 95-க்கு 4 எம்பி ரேம் போதும் என்றார்கள். இன்று விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி, அதாவது ஆயிரம் மடங்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிபியு என்றால், சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-இன் அங்கீகாரமும் கிடைக்காது. அதற்காக நல்ல பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டு, பிரவுசர், கடிதம், சினிமா என்று பல வருஷம் ஓட்டலாம். மச்சினன் ஒத்துக்கொள்ள மாட்டான். அதில் பிரீஃபெட்ச் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன எதைச் செய்வதானாலும் அதற்கு முன் போட்டோக்களையும் பத்திரங்களின் ஸ்கேன்களையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு காப்பி. பல கடைகளில் முதல் கேள்வி “என்ன பிரச்சினை?” என்பதல்ல, “ஃபார்மட் பண்ணிடலாமா?” என்பதுதான்.