பூஜ்யத்துக்குப் பட்டம் கட்டலாமா?

ஓர் அணியில் உள்ள எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் மொத்தமே நாலைந்து வரி. அவற்றுள் அறிஞர் பெருமக்கள் அசட்டையாகத் தாண்டிப்போவது முதல் வரியை. 'பெரிது' என்னும் மாறிக்குத் தொடக்க மதிப்பு என்ன? கை தானாகப் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறது. இது முறைகேடான பட்டாபிஷேகம் என்பதே இவ்வாய்வின் துணிபு. அன்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அம்மாதத்து வெப்பநிலைகளை இந்தப் புரோகிராமிடம் கொடுத்தால், ஒவ்வோர் எண்ணும் பூஜ்யத்தோடு மோதித் தோற்கும். மாதத்தின் உச்ச வெப்பம் 0 டிகிரி என்று விடை வரும். அணியிலேயே இல்லாத எண் அரசாளும். கம்பைலரோ வாயே திறக்காது.

"எங்கள் அணியில் இருப்பவை பரீட்சை மதிப்பெண்கள், மைனஸுக்கு அங்கே என்ன வேலை?" என்பார்கள். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள். இன்னொரு கட்சி சற்று வலுவானது: 32 பிட் முழு எண்ணில் மிகச் சிறியதான -2147483648-ஐ அமர்த்தினால் யார் வந்தாலும் எழுந்து வழிவிடுவாரே! வாஸ்தவம். ஆனால் அணி காலியாக இருந்தால் அந்தப் பூதாகாரமான எண்ணே விடையாக வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் இதே வழியில் போய், ஒன்றுமே கொடுக்காவிட்டால் மைனஸ் முடிவிலி என்கிறது. காலிப் பட்டியலைக் கண்டால் பைத்தான் பிழை என்று கையை விரிக்கிறது. கணிதம் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம், நான் பைத்தான் பக்கம். அணியின் முதல் உறுப்பையே அமர்த்த வேண்டும் என்னும் என் கட்சியும் காலி அணியில் இடறும் என்பது மெய்தான். ஆகவே உள்ளே நுழையுமுன் தலையை எண்ணிவிடுவது உத்தமம்.

செலவுக் கணக்கும் நமக்கே சாதகம். முதல் உறுப்பிலிருந்து தொடங்கினால் 100 எண்களுக்கு 99 ஒப்பீடுகள் போதும். அதற்கும் குறைத்துவிடலாம் என்று யாரும் மார்தட்ட முடியாது; பெரியதைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒரு முறையாவது தோற்றாக வேண்டுமே. பூஜ்யத்தை அமர்த்தினாலோ, அதை இறக்குவதற்கென்றே ஒரு ஒப்பீடு கூடுதல். ஆட்சி எத்தனை முறை கைமாறும் என்பதையும் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் தமது புரோகிராமிங் நூல்வரிசையில் 1968-இல் வெளியிட்ட முதல் தொகுதியில் பகுத்தாராய்ந்திருக்கிறார். வெவ்வேறான 100 எண்கள் தாறுமாறாகக் கலந்திருந்தால், முதலில் அமர்ந்தவருக்குப் பிறகு சராசரியாக நாலு தடவைக்குச் சற்று மேல், அவ்வளவே.