ரிமோட் என் கையில்தான் இருந்தது

ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் எனக்கு நாற்பது வருடத்துக்கு மேல் அனுபவம் உண்டு. ஒலிம்பிக்ஸைப் பார்த்த அனுபவம் எவ்வளவு என்று கேட்டால்தான் கொஞ்சம் இழுப்பேன்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அந்த இரண்டரை வாரம் மட்டும் எங்கள் தெரு டீக்கடையில் என் கொடி பறக்கும். வர்ணனை சரியில்லை, விளம்பரம் ஜாஸ்தி, முக்கியமான கட்டத்தில் ஸ்டுடியோவுக்குப் போய்விடுகிறான், நம் ஆளைக் காட்டுவதே இல்லை, நம் ஆளை மட்டுமே காட்டுகிறான். கடைசி இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அங்கே நீச்சலில் உலக சாதனை போய்க்கொண்டிருக்க, முதல் சுற்றில் தோற்கப்போகிற நம் வில்வித்தைக்காரரை மணிக்கணக்கில் காட்டுகிறானே என்பது திங்கட்கிழமைப் பேச்சு. எவனோ அமெரிக்காக்காரன் நீந்துவதை நமக்கு எதற்குக் காட்டுகிறான் என்பது வியாழக்கிழமைப் பேச்சு. கேட்டவர்கள் இரண்டு நாளும் தலையாட்டினார்கள். அந்தத் தெம்பில்தான் வண்டி இத்தனை வருடம் ஓடியது.

ஆனால் ஒரு வயதுக்கு மேல் மனுஷன் கணக்கை ஒப்படைத்துவிட வேண்டும். முதல் பொய்யிலிருந்து வருகிறேன்.

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா ஓடிய 400 மீட்டர் தடை ஓட்டத்தை டிவியில் பார்த்தேன் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தவன் போலவே சொல்வேன். கடைசித் தடை தாண்டியதும் என் குரல் தானாகவே தாழும். ருமேனியாவின் கொஜொகாரு 55.41, நம் உஷா 55.42, நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் போச்சு என்று உள்ளங்கையில் குத்திக்கொள்வேன். தங்கம் வாங்கிய மொராக்கோவின் நவால் எல் முத்தவகிலையும் விடமாட்டேன். எல்லாம் பத்திரிகையில் படித்தது. அந்த ஆகஸ்டில் தூத்துக்குடி பக்கத்து எங்கள் ஊருக்குச் சென்னைத் தொலைக்காட்சி எட்டவே எட்டாது. மொட்டை மாடி ஆன்டெனாவை இலங்கை பக்கமாகத் திருப்பினால் ரூபவாஹினி எடுக்கும், அதுவும் காற்று மனசு வைத்தால். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குத் தூர்தர்ஷன் வந்தது.

ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், உஷா மூன்றாவது தடையைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது மச்சினன் குறுக்கே விழுந்தான். “அத்தான், 84ல உங்க ஊர்ல சிலோன் டிவிதானே எடுக்கும்?”

நான் கண் இமைக்கவில்லை. “சிலோன்லதான் காட்டுனான்” என்றேன்.

ரூபவாஹினி அந்த ஓட்டத்தைக் காட்டியதா இல்லையா என்பது அந்த நிலையத்தாரின் விவகாரம். நான் அன்று முதல் அவர்களுக்கு மிகவும் கடமைப்பட்டவனாக நடந்துகொண்டேன்.

நிஜமாகவே கண்ணால் பார்த்த முதல் ஒலிம்பிக்ஸ், 1988 சியோல். பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, கடைசியில் விரலைத் தூக்கிக் காட்டியபோது, கடன் வாங்கிய இந்தியிலும் புரியாத ஆங்கிலத்திலும் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக் கூடமே எழுந்து நின்றது. மூன்றாம் நாள் ஊக்கமருந்து என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பொய்யாகப் பார்த்த ஓட்டம் இன்றுவரை செல்லுபடியாகிறது. உண்மையாகப் பார்த்தது செல்லாத நோட்டாகப் போயிற்று.

2008 பெய்ஜிங்கின்போது நான் டிவிக்காரனைப் பாராட்டினேன். இது அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன். வழக்கமாகச் சாயங்காலம் நடக்கிற நீச்சல் இறுதிப் போட்டிகள் அந்த முறை பெய்ஜிங்கில் காலையில் நடந்தன. நமக்குக் காலை ஏழரை மணிவாக்கில், காபித் தம்ளரோடு மைக்கேல் ஃபெல்ப்ஸ். 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் செர்பியாவின் சாவிச் ஜெயித்துவிட்டார் என்று நான் எழுந்தே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் 50.58க்கு 50.59 என்று ஃபெல்ப்ஸ் பெயர் மேலே இருக்கிறது. “ஆபீஸ் போறவனுக்குத் தோதா நேரம் பாத்து வெச்சிருக்கான், நம்மாளு கெட்டிக்காரன்” என்று டீக்கடையில் சான்றிதழ் கொடுத்தேன். பிறகு அக்கா மகன்தான் விளக்கினான். “மாமா, அது நமக்காக இல்ல. நம்ம காலை ஏழரைன்னா நியூயார்க்ல ராத்திரி பத்து.” உரிமைக்குக் கோடி கோடியாகக் கொட்டிக்கொடுக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி என்பிசிக்கு, ஃபெல்ப்ஸ் அவர்கள் ஊரில் ஆள் கூடும் ராத்திரி நேரத்தில் நீந்த வேண்டியிருந்தது. அதற்காகப் பெய்ஜிங்கில் காலைப் பொழுதே இறுதிப் பொழுதாயிற்று. நம் காபி நேரம் அதில் தற்செயலாக வந்து மாட்டிக்கொண்டது. 

அதே ஒலிம்பிக்ஸில் ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதியில் இருந்தார். அசையாமல் நிற்கிற மனிதர், அசையாமல் நிற்கிற துப்பாக்கி, அசையவே அசையாத இலக்கு. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். கடைசிக் குண்டுக்கு முன் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹாக்கினனும் சமமாக இருந்தார்களாம். பிந்த்ரா 10.8 அடித்தார். இந்தியாவுக்கு ஒலிம்பிக்ஸில் கிடைத்த முதல் தனிநபர் தங்கம். அன்று சாயங்காலம் எல்லாச் சேனலிலும் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். “ஒண்ணையே எத்தனை தடவைதான் போடுவான்” என்று அலுத்துக்கொண்டவன், அந்த ஒன்றையும் பார்க்காமல் போன நானேதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி, அமெரிக்க ரசிகர்கள் என்னைவிட அதிகமாகத் திட்டினார்கள் என்பது. லண்டனில் சாயங்காலம் நடக்கும் பெரிய போட்டிகளை என்பிசி டிவியில் போடாமல் பதுக்கிவைத்து, அமெரிக்காவில் ராத்திரி ஆன பிறகு போட்டது. அதற்குள் யார் ஜெயித்தார்கள் என்று நாட்டுக்கே தெரிந்துவிடும். மிஸ்ஸி ஃப்ராங்க்ளினின் நீச்சலைக் காட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் தங்கப் பதக்கத்தோடு சிரிக்கிற முன்னோட்டத்தை அவர்களே போட்டுத் தொலைத்தார்கள். தொடக்க விழாவில் ஒரு அஞ்சலிப் பகுதியை வெட்டிவிட்டு ஃபெல்ப்ஸ் பேட்டியைச் சொருகினார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, நம் நாட்டில் எல்லாம் நேரலை என்று நெஞ்சு நிமிர்ந்தேன். அந்த நெஞ்சோடு, உசேன் போல்ட்டின் 100 மீட்டர் இறுதிக்காக ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். அலாரம் தன் கடமையைச் செய்தது. அதன் தலையில் தட்டிவிட்டுப் போர்த்திக்கொண்டேன். 9.63 விநாடி ஓட்டத்தை மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். என்பிசி அமெரிக்காக்காரனுக்குச் செய்த கொடுமையை எனக்கு நானே இலவசமாகச் செய்துகொண்டேன்.

இனி, வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. 2021 ஜூலை 26, விடியற்காலை. ஒரு வருடம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்ஸ். வண்ணாரப்பேட்டையிலிருந்து போன பவானி தேவி, வாள்வீச்சில் ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்தியர். இந்த முறை தூங்கவில்லை. மனைவியையும் எழுப்பி உட்காரவைத்தேன். எழுப்பிய பாவத்துக்கு விளக்கமும் கொடுக்க வேண்டுமல்லவா? சேபர் என்ற அந்த வகை வாள்வீச்சில் இரண்டு பேரும் வெள்ளை உடை, இரண்டு பேருக்கும் முகமூடி, கண்ணை மூடித் திறப்பதற்குள் வெட்டு விழுந்துவிடும். வெட்டு பட்டால் விளக்கு எரியும். இருவருக்கும் சேர்ந்து எரிந்தால், தாக்குதலை யார் தொடுத்தார் என்று பார்த்து நடுவர் புள்ளி கொடுப்பார். இதையெல்லாம் முந்தின நாள் படித்து வைத்திருந்தேன். எந்த விளக்கு யாருடையது என்பதை மட்டும் படிக்கவில்லை. நானே தீர்மானித்துக்கொண்டேன். மாற்றித் தீர்மானித்துவிட்டேன்.

விளக்கு எரிகிறது. நான் “ஐயோ” என்கிறேன். மறுபடி எரிகிறது. “போச்சு, பதற்றப்படுது பொண்ணு” என்கிறேன். எப்போதாவது இன்னொரு விளக்கு எரிகிறது. எழுந்து கை தட்டுகிறேன். வர்ணனையாளர் வேறு உற்சாகமாகக் கத்துகிறார். நம் பெண் தோற்கும்போது இவனுக்கு என்ன கொண்டாட்டம் என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன்.

மனைவி கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். “ஏங்க, மேலே ஸ்கோர் போட்டிருக்கான் பாருங்க. நம்ம பிள்ளைதானே ரொம்ப முன்னால நிக்கி? நீங்க யாருக்குக் கை தட்டுதீங்க?”

துனிசியாவின் நாடியா பென் அசிசியை பவானி தேவி 15-3 என்று வென்றிருந்தார். அந்த மூன்று புள்ளிக்கும் இந்தியாவிலேயே எழுந்து நின்று கை தட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த ஆட்டம் பிரான்ஸின் மனோன் ப்ரூனேயோடு. விளக்குகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டேன். அதனால் 7-15 என்று தோற்பது தெளிவாகத் தெரிந்தது.

அதே டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்த சாயங்காலம், நடுநடுவே பெண்களின் 10,000 மீட்டர் ஓட்டம் வந்துகொண்டிருந்தது. “இந்தப் பொம்பளைங்க எத்தனை சுத்துதான் சுத்துவாங்க, ஈட்டியைக் காட்டுடா” என்று டிவியின் தலையில் தட்டாத குறை. அங்கே நம் டிவிக்காரன் கேமராவோடு நிற்கிறான் என்று வேறு நினைப்பு. போட்டியைப் படம் பிடிப்பது ஒலிம்பிக் கமிட்டி 2001இல் தொடங்கிய ஒளிபரப்பு அமைப்பு. அவர்கள் உலகத்துக்கெல்லாம் ஒரே படத்தை அனுப்புகிறார்கள். அந்தந்த நாட்டுக்காரர்கள் வேண்டியதைப் பொறுக்கி, தங்கள் குரலைப் போட்டு, இடையில் சோப்பு விற்கிறார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. நீரஜ் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். நான் திட்டிய அந்தச் சுற்றலில் நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் தங்கம் வாங்கினார். அதற்கு முன்னால் அதே ஒலிம்பிக்ஸில் 5,000 மீட்டரில் தங்கம், 1,500 மீட்டரில் வெண்கலம். அந்த மாதிரி ஒருத்தி ஓடுவதைத்தான் நான் விளம்பரத்தோடு சேர்த்துக் கணக்கு வைத்திருந்தேன்.

இவற்றுக்கெல்லாம் சிரிக்கலாம். 2016 செப்டம்பரில் ஒரு காலை, அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ரியோ பாராலிம்பிக்ஸில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய செய்தி வந்தது. டீக்கடையில் கொதித்தேன். நம் ஊர்ப் பையன், ஒரு சேனலாவது காட்டினானா, காலில் குறை என்றால் கேமராவும் திரும்பாதா என்று ஒரு பிரசங்கம். டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் தலையைத் தூக்காமல் கேட்டார். “அண்ணாச்சி, பாராலிம்பிக்ஸ் நடக்கது உங்களுக்கு நேத்து தெரியுமா?”

தெரியாது. தொடங்கியதே தெரியாது.

“தெரிஞ்சிருந்தா பாத்திருப்பியளா?”

பாலுக்குச் சர்க்கரை போதவில்லை என்று பேச்சை மாற்றினேன்.

பிறகு 2024 பாரிஸ். எல்லாப் போட்டியும் கைபேசியிலேயே, காசு இல்லாமல், தமிழ் வர்ணனையோடு. இனிமேல் எதைத்தான் குறை சொல்வது என்று ஒரு கவலையே பிடித்துக்கொண்டது. வர்ணனையில் பிழைத்தேன். “வளவளன்னு பேசியே கொல்லுதான்” என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். 100 மீட்டர் இறுதிப் போட்டி அன்று ராத்திரி ஒன்றேகாலுக்கு மேல் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பதினொன்றரைக்கே தற்செயலாகத் திறந்தேன். ஓடுபாதையில் நோவா லைல்ஸ் நிற்கிறார், பக்கத்தில் ஜமைக்காக்காரர். சத்தம் இல்லை. துப்பாக்கி வெடித்த புகைகூட இல்லை. ஓடினார்கள். ஜமைக்காவின் ஒப்லிக் செவில் 9.81, லைல்ஸ் 9.83. ஒன்றேகால் என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று ஆனந்தமாகப் படுத்தேன்.

காலையில் டீக்கடையில் அறிவித்தேன். “லைல்ஸ் அவுட். சின்னப் பையன் செவில் தூக்கிட்டான். நான் லைவ்ல பாத்தேன்.” இந்த முறை நிஜமாகவே நேரலையில் பார்த்திருந்ததால் குரலில் ஒரு கம்பீரம் இருந்தது. பெஞ்சின் மறுமுனையில் இருந்த காலேஜ் பையன் கைபேசியை நீட்டினான். நான் பார்த்தது அரையிறுதி. இறுதியில் லைல்ஸ் 9.784, ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சன் 9.789. புகைப்படத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. தொடக்கத்தில் பின்தங்கியிருந்த லைல்ஸ் கடைசி எட்டில் பிடித்திருக்கிறார். தமிழ் வர்ணனையாளர் அரையிறுதி அரையிறுதி என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

“அரையிறுதின்னு பெரிசா எழுதிக் காட்ட வேண்டாமா அவன்?” என்று கேட்டேன். மாஸ்டர் என் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஒலிம்பிக்ஸ் 2028 ஜூலை 14 முதல் 30 வரை, லாஸ் ஏஞ்சலஸில். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை எட்டரை. தூக்கத்தின்மேல் பழி போட வழியில்லை. வழக்கமாக முதல் வாரத்தில் வரும் நீச்சல் இரண்டாவது வாரத்துக்குப் போகிறது, தடகளம் முதல் வாரத்துக்கே வந்துவிடுகிறது. இதையெல்லாம் இப்போதே காலண்டரின் பின்பக்கம் குறித்து வைத்துவிட்டேன். ஆனால் 1900க்குப் பிறகு முதல்முறையாகக் கிரிக்கெட்டும் வருகிறது. ஆகவே மற்ற விளையாட்டுகளை டிவிக்காரன் காட்டவே இல்லை என்று அந்த ஜூலையில் நான் எங்காவது கத்திக்கொண்டிருந்தால், தயவுசெய்து நம்பாதீர்கள்.