ஏற்றத்தில் போன வாத்தியார்

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேருகிற பக்கத்து ஊர்க்காரன் என்பதால், கழிமுகம் பற்றிப் பேச என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு நினைப்பு உண்டு.

முதல் சறுக்கல் ஆய்வுக்கூடத்திலேயே. உப்புநீர் கனம், அடியில் கிடக்கும். ஆற்றுநீர் அதன்மேல் நிற்கும் என்று காட்ட வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, கடல்நீர்க் கணக்குப்படி கச்சிதம். சிவப்பு மையும் ஊற்றியாயிற்று. உப்புநீரை முதலில் வைத்து, நல்ல நீரை மெல்ல மேலே விட வேண்டியவன், நல்ல நீரின் தலையில் உப்புநீரை மடமடவென்று கவிழ்த்தேன். ஜாடி முழுக்க ரோஸ்மில்க். “நன்கு கலந்த கழிமுகம் என்று ஒரு வகை இருக்கிறது, அதுதான் இது” என்று சமாளித்தேன். அப்படி ஒரு வகை நிஜமாகவே இருப்பதுதான் என் அதிர்ஷ்டம்.

அடுத்தது பிச்சாவரம். வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நிற்பதை வற்றத்தில்தான் பார்க்க முடியும். முன்கூட்டியே போய்ப் பார்த்தேன்; காலை பத்து மணிக்கு அருமையாகத் தெரிந்தன. அடுத்த வாரம் அதே பத்து மணிக்குப் பிள்ளைகளை இறக்கினேன். ஒரு வேர்கூட வெளியே இல்லை. ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று கரும்பலகையில் எழுதியவன் நானே. ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குப் பக்கம். வற்றம் இருந்த இடத்தில் ஏற்றம் வந்து உட்கார்ந்துவிடும். பெருக்கத் தெரியாத வாத்தியார் தண்ணீரைச் சுட்டிக்காட்டி வேரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேன். “ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்” என்றார் படகுக்காரர்.

மானத்தைக் காப்பாற்ற ஒரு மரத்தைக் காட்டி, “சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் இது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து” என்றேன். ஒருவன் இலையைக் கிள்ளினான். பால் வரவில்லை. அதுவும் வெண்கண்டலாம். தில்லை எதிர்க்கரையில் நின்றது.

மதியம் கடற்கரைத் துப்புரவு. ‘கடலைக் காப்போம்’ என்று என் படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்திருந்தேன் (படம் கொஞ்சம் பெரிது). சாப்பாட்டு ஏற்பாடும் என்னுடையதே: தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப். இரண்டுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை; அதையும் வகுப்பில் நடத்தியிருந்தேன். மீனவர் குப்பத்திலிருந்து வரும் மாணவி இரண்டு மூட்டைகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாம பொறுக்குனதைவிட நாம கொண்டாந்தது கனமா இருக்கு சார்” என்றாள். ஃப்ளெக்ஸை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளைகளைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போகிற ஆசிரியர்களே, வற்றம் எப்போது என்று முந்தின நாளே படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சாப்பாடு அவரவர் வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வரட்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம்.