சைனகுண்டாவில் ஒரு சுவர் இருந்தது

அரசாங்கத்துக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்பவர்களை சைனகுண்டாவுக்குக் கூட்டிப் போக வேண்டும். 2020 ஏப்ரல் கடைசி வாரம். குடியாத்தத்திலிருந்து பலமநேருக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்குகிற இடத்தில், நட்டநடு ரோட்டில் ஒரு சுவர் எழும்பியது. பொன்னை வழியாகச் சித்தூர் வரும் சாலையில் இன்னொன்று. டெண்டர் கிடையாது, பூமி பூஜை கிடையாது, "ஃபண்ட் வரட்டும், பார்க்கலாம்" கிடையாது. வேலூர் மாவட்ட நிர்வாகம் நினைத்தது, சிமெண்ட் காய்ந்துவிட்டது. ஓடைக்கு ஒரு தரைப்பாலம் கேட்டு வருஷக்கணக்கில் மனு கொடுத்துக் களைத்துப்போன ஜனங்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

கொரோனா ஊரடங்கில் பாஸ் இல்லாமல் ஆந்திராக்காரர்கள் வந்துவிடுகிறார்களாம். வருவார்கள்தான். சித்தூர்க்காரனுக்கு நெஞ்சு வலித்தால் வேலூர் சிஎம்சி, கிட்னி கெட்டால் சிஎம்சி, பிரசவம் சிக்கலானாலும் சிஎம்சி. பெண் கொடுத்ததும் எடுத்ததும் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும். 1953-இல் மதராஸ் மாநிலத்திலிருந்து பிரித்து ஆந்திராவோடு சேர்த்தபோது எங்கள் சித்தூர் மாவட்டத்துக்கு எல்லையைக் காகிதத்தில் போட்டார்கள். சிமெண்டில் போட 2020 வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. சித்தூர் அதிகாரிகளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாடே சிரித்த பிறகு ஓரிரு நாளில் இடித்தார்கள். இடிப்பதிலும் அதே வேகம்.

தமிழ்நாட்டை மட்டும் திட்டி முடித்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மார்ச் மாதம் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைத்த மாநிலத் தேர்தல் ஆணையர் மீது பாய்ந்த முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, கொரோனாவுக்கு மருந்து பாராசிட்டமால், கிருமிக்கு பிளீச்சிங் பவுடர், அவ்வளவுதான் என்கிற தோரணையில் பேசினார். பத்தே நாளில் டெல்லியிலிருந்து பிரதமர் இரவு எட்டு மணிக்குத் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு பூட்டு என்றார். நான்கு மணி நேரம். கல்யாண மண்டபத்தைக் காலி செய்யக்கூட அதைவிட அதிக நேரம் தருவார்கள்.

பூட்டு சாமானியனுக்கு. பால் வாங்க வண்டியை எடுத்தவன் காலில் லத்தி விழுந்த அதே ஏப்ரலில், நகரி எம்எல்ஏ ரோஜா புத்தூரில் குடிநீர்க் குழாய் திறக்கப் போனார். இருபுறமும் ஜனம் வரிசையாக நின்று அவர் காலடியில் பூத்தூவியது. காளஹஸ்தியில் எம்எல்ஏ மதுசூதன் ரெட்டி நிவாரணப் பொருளை டிராக்டர்களில் ஏற்றி, பேனர் கட்டி, ஊர்வலமே நடத்தினார். அரிசி மூட்டைக்கு எதற்கய்யா ஊர்வலம்? அது என்ன உற்சவமூர்த்தியா?

மே 4-ஆம் தேதி சாராயக்கடை திறந்தது. ஆந்திராவில் அப்போது அது அரசாங்கத்தின் சொந்தக் கடை. முதல் நாள் விலை 25 சதவீதம் ஏறியது, மறுநாள் இன்னும் 50. குடியைக் குறைக்கத்தான் இந்த ஏற்றம் என்றார்கள். குறைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே நாற்பது நாளாக மூடித்தானே இருந்தது!

ஜூலையில் திருப்பதி. திருமலையில் அர்ச்சகர்கள் உட்பட தேவஸ்தான ஊழியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. தரிசனத்தை நிறுத்துங்கள் என்று முன்னாள் தலைமை அர்ச்சகர் ரமண தீட்சிதுலு கேட்டார். நிறுத்தவில்லை. நிறுத்தியது எதை? கீழே இருக்கும் ஊரை. ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 5 வரை திருப்பதி நகரம் முழுக்கக் கட்டுப்பாட்டு மண்டலம். காலை 11 மணிக்கு மேல் கடை கிடையாது. வெளியூர் பக்தர்கள் மட்டும் பைபாஸ் பிடித்து மலை ஏறலாம். அலிபிரிக்குக் கீழே குடியிருப்பவன் கறிவேப்பிலை வாங்க வெளியே வந்தால் குற்றவாளி; எங்கிருந்தோ டிக்கெட்டோடு வருபவன் பக்தன். ஏழுமலையான்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து உண்டியல் எண்ணுபவர்கள் மீதுதான்.

திருப்பதி எம்பி பல்லி துர்கா பிரசாத் ராவ் அந்த செப்டம்பரில், கொரோனா சிகிச்சையில் இருக்கும்போதே சென்னையில் மாரடைப்பால் இறந்தார். காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல் எப்போது? 2021 ஏப்ரல் 17, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஜெகன் கடைசியில் தன் கூட்டத்தை ரத்து செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மற்றபடி எல்லாக் கட்சியும் தெருத்தெருவாக வந்தது. ஓட்டுப் போட்ட விரலில் மை அழிவதற்குள் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை.

மே 10 இரவு, திருப்பதி ருயா அரசு மருத்துவமனை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆக்ஸிஜன் டேங்கர் வர வேண்டும். மூன்று மணி நேரத் தூரம். வந்து சேரத் தாமதம். குழாயில் அழுத்தம் குறைந்தது. ஐசியுவில் 11 பேர் செத்துப்போனார்கள். ஐந்து நிமிடத்துக்குள் சரிசெய்துவிட்டோம், இல்லாவிட்டால் இன்னும் பலர் போயிருப்பார்கள் என்று விளக்கம் வந்தது. நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் கட்டத் தெரிந்த தேசத்தில், ஒரு டேங்கர் லாரி மாநில எல்லை தாண்டி நேரத்துக்கு வந்து சேர வழியில்லை.

ஜூலை 20. மாநிலங்களவையில் மத்திய சுகாதார இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார், ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றார். ஆந்திரா தெரிவித்தது ஆகஸ்டில். அதுவும் எப்படி? டேங்க் மட்டத்தைச் சரிசெய்வதற்கும் சிலிண்டருக்குத் திருப்புவதற்கும் நடுவே அழுத்தம் குறைந்ததுபோல் தெரிகிறது, வென்டிலேட்டரில் இருந்த சிலர் இறந்துவிட்டார்கள் என்று. பதினொருவர் "சிலர்" ஆகிவிட்டார்கள். ஆனால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று மே மாதமே அறிவித்தவர்கள் இவர்கள்தான். அந்த ஜூலை மாதத்துக் கணக்குப்படி அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் செலவு எழுதி வைத்திருந்தார்கள் என்று சித்தூர் கலெக்டர் ஆபீஸில் யாராவது ஒரு தகவல் உரிமை மனு போடுங்களேன். பதில் சைனகுண்டா சுவர் வேகத்தில் வருகிறதா, ருயா டேங்கர் வேகத்தில் வருகிறதா பார்ப்போம்.