2029 வரை நல்ல கண்

1978இல் எனக்கு லைசன் கிடைத்தபோது கண் பரீட்சை நடுவீதியில் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரீட்சகர், எதிரே வந்த பஸ்ஸைக் காட்டி, பெயர்ப்பலகையை வாசிக்கச் சொன்னார். "யட்டவத்தை" என்றேன். அந்த நேரத்துக்கு அந்த வீதியில் வேறு பஸ் வராது. மாத்தளையில் பிறந்த எவனும் கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பரீட்சையில் தேறியிருப்பான்.

அப்பாவுக்கு மிளகு, கராம்பு, கொக்கோ வியாபாரம். நாலந்தா, நாவுல பக்கத்துத் தோட்டங்களில் வாங்கி, ஒரு கிழட்டு ஒஸ்டின் வேனில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்குத்தான் எனக்கு அவசரமாக லைசன் எடுத்துக் கொடுத்தார். மகாவலித் தண்ணீருக்காகப் போவதென்ன நீர்த்தேக்கம் எழும்பிய காலம் அது. நாலந்தா கெடிகே தண்ணீருக்குள் போய்விடும் என்று, அந்த ஆயிரம் வருஷக் கற்கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு கல்லும் பழைய இடத்தில் சரியாக உட்கார வேண்டுமென்று அத்தனை கவனம். அதே ஊர் வழியாக மூட்டைகளோடு பறந்துகொண்டிருந்த இருபது வயதுப் பையனின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்டிருந்தாலும் கவலையில்லை. அப்போது என் கண் கழுகுக் கண்.

அந்தப் பழைய லைசனில் காலாவதித் திகதி கிடையாது. மனிதன் செத்தால்தான் அது செத்தது. கலியாணம்கூட அவ்வளவு உறுதியான ஒப்பந்தமில்லை.

பிறகு யுத்தம் வந்தது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி வடக்கே மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. எங்கள் துண்டு மூடவில்லை, ஆனால் சோதனைச் சாவடிகள் முளைத்தன. அடையாள அட்டையைக் கொடுத்தால் "வேறு என்ன இருக்கிறது?" என்பார்கள். லைசனைக் கொடுப்பேன். திருப்பிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். என் லைசன் அவ்வளவு கூர்மையாகப் பரிசோதிக்கப்பட்ட காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பார்த்தது பெயரைத்தான். தமிழனுக்கு அந்தத் தாள், வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கான சான்றாக இருந்ததைவிட, அவன் சொல்கிற ஆள் அவன்தான் என்பதற்கான இரண்டாவது சாட்சியாக இருந்ததுதான் அதிகம். இதைச் சொல்லாமல், நான் ஏன் இன்னும் லைசனை விடவில்லை என்பதை விளக்க முடியாது. லண்டனில் இருக்கும் என் தம்பிக்கே இது விளங்குவதில்லை.

2009இல் சட்டம் மாறியது. புது அட்டை, திகதியோடு: கார், வேனுக்கு எட்டு வருஷம், பாரவாகனத்துக்கு நாலு. ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நல்ல சட்டம். எனக்கு மட்டும் அந்தப் புது அட்டை கொஞ்சம் பிந்தி வந்தது.

2019இல், வாசிப்புக் கண்ணாடி மாற்றப்போன இடத்தில் டொக்டர் கண் அழுத்தத்தை அளந்தார். சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்க வேண்டியது எனக்கு 28. குளுக்கோமா என்றார். வலியில்லை, சிவப்பில்லை, மங்கலுமில்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு ஓரங்களிலிருந்து சாகிறது, நடுப்பார்வை கடைசிவரை பளிச்சென்று இருக்கும். இந்த நாடு 1960களிலிருந்து உலகத்துக்கே விழிவெண்படலம் அனுப்பி வருகிறது. ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கத்தால் எத்தனையோ தேசத்தவர் பார்வை பெற்றார்கள். ஆனால் செத்த நரம்புக்கு மாற்று நரம்பு எந்த ஐஸ் பெட்டியிலும் இல்லை. மிஞ்சியதைக் காக்கச் சொட்டு மருந்துதான், காலையும் இரவும், ஆயுளுக்கும். பழைய லைசன் மாதிரி.

கண்டியில் பார்வைப்புலப் பரிசோதனை செய்தார்கள். ஒரு கண்ணை மூடி, நாடியைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே மினுக்கும் வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பயத்தில் மனிதன் தெரியாததற்கும் அமுக்குவான். நான் அமுக்கினேன். அந்த இயந்திரம் அதையும் கணக்கெடுத்து, இந்த ஆள் இத்தனை முறை பொய்யாக அமுக்கினார் என்று ரிப்போர்ட்டில் அடித்துத் தந்தது. 1862இல் ஸ்னெலன் என்ற டச்சு டொக்டர் வகுத்த எழுத்துப் பலகைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. வரிசையில் முன்னே நிற்பவர் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்தாலும் அது கண்டுபிடிக்காது.

எனக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. 2021இல் அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தேன். குளுக்கோமா இருப்பதை நானே சொன்னேன். கண் டொக்டரின் கடிதம் கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை 6/6, இடப்பக்க ஓரம் குறைந்திருக்கிறது, இரவில் ஓட்டாமலிருப்பது நல்லது என்று அவர் உள்ளதை எழுதியிருந்தார். கடிதம் கோப்புக்குள் போனது. அட்டை என் கைக்கு வந்தது: 2029 வரை. இரவைப் பற்றிய வரி கோப்போடு தங்கிவிட்டது.

இந்த நோய் கூடப் பிறந்தவர்களைத் தேடிப் போகும் என்பதால் தம்பியையும் பார்க்கச் சொன்னேன். அவனுக்கும் இருந்தது. அங்கே இரண்டு கண்ணிலும் குளுக்கோமா என்றால் லைசன் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தானே அறிவிக்க வேண்டும், மறைத்தால் ஆயிரம் பவுண் வரை தண்டம். இருபது மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் இலக்கத்தை வாசித்தால் மட்டும் போதாது, பக்கவாட்டில் 120 பாகையாவது பார்வை விரிய வேண்டும். அவன் தேறினான். ஆனாலும் மூன்று வருஷத்துக்குத்தான் கொடுத்தார்களாம்.

"அண்ணே, ஒங்களுக்கு எட்டு வருஷமா?" என்று போனில் சிரித்தான்.

"எனக்கு ஒன்னைவிட நல்ல கண்ணுடா" என்றேன்.

அவன் வீட்டுவாசலில் பாதாள ரயில் நிற்கிறது. கார் இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு குறையுமில்லை. நாலந்தாவில் இருந்துகொண்டு கிளினிக் நாளில் மாத்தளைக்குப் போக, சனம் நிரம்பி வழியும் பஸ்ஸின் மிதிபலகையில் அறுபதைத் தாண்டிய வயதில் தொங்குவது எந்தப் பார்வைப்புலத்துக்கு நல்லது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

இழந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கறுப்பே இல்லை. மூளை பக்கத்திலிருப்பதை எடுத்து அங்கே நிரப்பிவிடுகிறது: கொஞ்சம் தார், கொஞ்சம் புல், ஒரு வேலி. கெடிகே வீதியிலிருந்து ஏ9இல் ஏறும்போது இடப்பக்கம் அப்படித்தான் அழகாக, வெறுமையாகக் கிடந்தது. அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, அவன் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான். அதோடு பகலிலும் ஊருக்குள் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். முறை கொண்டுவந்து காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்றபோது, டொக்டரின் அறிவுரையை அரசாங்கமே நிறைவேற்றித் தந்தது.

இப்போது மகன் ஓட்டுகிறான். போன மாதம் தம்புள்ளையிலிருந்து வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே மரக்கறி லொறிகள் முழு வெளிச்சத்தையும் முகத்தில் அடித்துக்கொண்டு வந்தன. ஒரு வளைவு தாண்டியதும் பொலிஸ் மறித்தது. மகன் சட்டைப் பையைத் தடவினான், காற்சட்டைப் பையைத் தடவினான். லைசன் வீட்டில். தண்டச் சீட்டு எழுதியபின், வண்டியை இவர் கொண்டுபோக முடியாது, வேறு யாரிடமாவது லைசன் இருக்கிறதா என்று பொலிஸ்காரர் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போய் அட்டையை நீட்டிவிட்டது.

"அப்ப மாத்தயாவே ஓட்டலாமே" என்றார் சிங்களத்தில்.

எனக்குக் கண் சரியில்லை, இரவில் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் டோர்ச் வெளிச்சத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவடிக் காலத்துக்குப் பிறகு யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு திகதியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"பொய் சொல்லாதீங்க மாத்தயா. 2029 வரைக்கும் ஒங்க கண் நல்லாத்தானே இருக்கு."